முகூர்த்தத்துக்கு 8, மேடைக்கு 2

எங்கள் ஊர்ப் பக்கம் கல்யாண வீடியோவை வெட்டிச் சேர்க்கும் தொழிலை எடிட்டிங் என்று யாரும் சொல்வதில்லை. மிக்சிங் என்பார்கள். கல்யாணம் முடிந்து மூன்று மாதம் ஆகியிருக்கும். மாப்பிள்ளையின் அப்பா படியேறி வந்து, "இன்னும் மிக்சிங் முடியலையாக்கும்?" என்று கேட்பார். மறுவீடு, விருந்து, ஆடிச் சீர் எல்லாம் முடிந்திருக்கும், கேசட் மட்டும் போய்ச் சேர்ந்திருக்காது.

திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு மாடி ஸ்டுடியோவில் 1993-ல் வேலைக்குச் சேர்ந்தேன். பிளஸ் டூ முடித்திருந்த எனக்கு வீடியோவைப் பற்றி ஒன்றும் தெரியாது. கையெழுத்து நன்றாக இருந்தது, அதற்காகத்தான் எடுத்தார்கள். அன்றைக்கு டைட்டில் கையால் எழுத வேண்டும். கருப்பு அட்டையில் வெள்ளை போஸ்டர் கலரைத் தொட்டு மணமக்கள் பெயரும் மண்டபமும் தேதியும் எழுதிக் கொடுப்பேன். அதைக் கேமராவில் பிடித்து மிக்சர் வழியாக விட்டால் கருப்பு மறைந்துபோகும், வெள்ளை எழுத்து மட்டும் தாமிரபரணி தண்ணீருக்கு மேல் வந்து நிற்கும். என் கையெழுத்து டிவிக்குள் நிற்பதை முதல்முறை பார்த்தபோது புல்லரித்துப் போனது. முப்பது வருஷம் தாண்டிவிட்டது. இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறேன்.

ஸ்டுடியோ முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்றே கூப்பிடுவோம். அவர் இந்தத் தொழிலுக்கு வந்த கதைக்குள்தான் எங்கள் ஊருக்கு வீடியோ வந்த கதையும் இருக்கிறது. 1982-ல் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. அதை ஒட்டித்தான் நாட்டில் கலர் ஒளிபரப்பு வந்தது. சென்னைத் தூர்தர்ஷன் 1975-லேயே தொடங்கியிருந்தாலும் அதன் அலை எங்கள் மாவட்டத்துக்கு எட்டவில்லை. அதே 1982-ல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியது. தெற்கே கடற்கரை ஓரத்து ஊர்களில் மொட்டை மாடிக்கு மேல் உயரமாகக் குழாய் நட்டு, ஆன்டெனாவும் பூஸ்டரும் கட்டி, கொழும்பைப் பிடித்துப் பார்த்தார்கள். காற்றடித்தால் படம் போய்விடும். அப்படிப்பட்ட ஊரில் வீடியோ கேசட் ஓட்டும் டெக் வந்தபோது ஜனங்கள் அதைக் கொண்டாடியதில் ஆச்சரியம் இல்லை. ஒரு ராத்திரிக்கு டெக்கையும் டிவியையும் வாடகைக்கு எடுத்து, விடிய விடிய மூன்று படம் பார்ப்பார்கள். அண்ணாச்சி முதலில் டெக் வாடகைக்கு விட்டவர். பிறகுதான் சென்னை பர்மா பஜாருக்குப் போய் ஒரு கேமரா வாங்கி வந்தார்.

அந்த முதல் கேமராவில் கேசட் போட இடமே கிடையாது. கேமராவைத் தோளில் ஒருவர் வைத்திருக்க, பதிவு செய்யும் கருவியை இன்னொருவர் தோள்பையில் மாட்டிக்கொண்டு ஒரு கேபிள் நீளத்துக்குள் பின்னாலேயே நடப்பார். மூன்றாவதாக ஒரு பையன் 1000 வாட்ஸ் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அந்தச் சூட்டில் மணப்பெண்ணின் தலைப்பூ வாடிவிடும் என்று பாட்டிமார்கள் திட்டுவார்களாம். கேமராவும் ரெக்கார்டரும் ஒன்றாகச் சேர்ந்த பேனசோனிக் எம் 3000, பிற்பாடு எம் 9000 எல்லாம் வந்த பிறகுதான் ஒரே ஆள் மண்டபத்துக்குள் சுற்றி வர முடிந்தது. பழைய வீடியோக்காரர்களிடம் எம் 9000 என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலரும்.

ஆரம்பக் கல்யாணங்களுக்கு மிக்சிங்கே கிடையாது. எடுக்கும்போதே வேண்டாத இடத்தில் பாஸ் போட்டு நிறுத்தி எடுப்பார்கள். எடுத்த கேசட்தான் வீட்டுக்குப் போகும். இன்றைக்கு அந்தக் காலத்துக் கேசட் ஏதாவது கையில் கிடைத்தால், அதில் இருக்கும் படம் பத்து வருஷம் கழித்து நாங்கள் மிக்சிங் செய்து கொடுத்ததைவிடத் தெளிவாக இருக்கும். அது மூலப் பதிவு, நாங்கள் கொடுத்தது நகலின் நகல். தொழில் வளர வளர வீட்டுக்குப் போன படம் தேய்ந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

எப்படித் தேய்ந்தது என்று சொல்கிறேன். ஜேவிசி கம்பெனி 1976-ல் கொண்டுவந்த விஎச்எஸ் கேசட்டில் படம் குறுக்குவாட்டில் சுமார் 240 கோடு அளவுக்குத்தான் தெளிவாக நிற்கும். நிறத்துக்கு அதுவும் கிடையாது, 40 கோடு இருந்தால் அதிகம். கருப்பு வெள்ளையில் ஓரளவு நல்ல படத்தை எடுத்து, அதன் மேல் ஈரத்துணியால் வண்ணம் ஒற்றியது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மண்டபத்தில் எடுத்தது முதல் தலைமுறை. இரண்டு டெக்கில் அதை ஓட்டி, நடுவில் மிக்சர் வைத்து, மூன்றாவது டெக்கில் பதிந்தால் அது மாஸ்டர், இரண்டாம் தலைமுறை. மாஸ்டரிலிருந்து பெண் வீட்டுக்கு ஒன்று, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று போடுவோம். அது மூன்றாம் தலைமுறை. ஒவ்வொரு நகலிலும் நிறம் கொஞ்சம் வலப்பக்கமாக வழியும், கொஞ்சம் கீழே இறங்கும். சிவப்புக்குத்தான் பாதிப்பு அதிகம். நம் கல்யாணத்திலோ எல்லாம் சிவப்பு. கூறைப்புடவையின் சிவப்பு பெண்ணின் கையில் ஏறியிருக்கும். குங்குமப் பொட்டு நெற்றி நடுவில் இருக்காது, ஒரு நூல் தள்ளி நிற்கும். அது போதாதென்று, "எல்லாத்தையும் ஒரே கேசட்டுல அடக்கிருங்க" என்று கேட்பவர்களுக்கு மூன்று மணி நேரக் கேசட்டை எல்பி வேகத்தில் ஓட்டி ஆறு மணி நேரம் பதிவோம். டேப் பாதி வேகத்தில் போகும், படமும் அதற்குத் தக்கபடிதான் இருக்கும்.

வெட்டுவதும் சுலபமில்லை. பாஸில் இருக்கும் டெக்கை எழுப்பினால் உடனே ஓடாது, சில ஃபிரேம் தின்றுவிட்டுத்தான் ஓடும். எத்தனை தின்னும் என்பது டெக்குக்கு டெக் மாறும். எங்களிடம் இருந்த ஒரு டெக் குளிர்காலக் காலை நேரத்தில் கூடுதலாகத் தின்னும். அதை மனசில் கணக்குப் போட்டு, மாங்கல்யத்தை எடுத்துக் கொடுக்கும் ஐயரின் கை அசைவதற்கு முன்னாலேயே பட்டனை அழுத்த வேண்டும். பழைய பதிவைச் சுத்தமாக அழிக்கும் பிளையிங் எரேஸ் ஹெட் இல்லாத டெக்கில் ஒவ்வொரு வெட்டிலும் வானவில் மாதிரி ஒரு கலர்க் கோடு ஓடிவிட்டுத்தான் படம் நிலைக்கும். அது இருக்கும் டெக் ஊரில் சிலரிடம்தான் இருந்தது. இரவல் கேட்டால் தரமாட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை.

"மூலக் கேசட்டை ரெண்டு தடவைக்கு மேல ஓட்டாத தாயி. ஓட்ட ஓட்ட மாவு உதிருது" என்பார் அண்ணாச்சி. டேப்பில் பூசிய காந்தப் பொடியைத்தான் மாவு என்பார். ஆகவே முதல் ஓட்டத்திலேயே நோட்டில் குறித்துக்கொள்வேன்: எந்த எண்ணில் குலவை, எந்த எண்ணில் மாலை மாற்று, எந்த எண்ணில் பெரியவர்கள் ஆசீர்வாதம். இரண்டாம் ஓட்டம் மிக்சிங்குக்கு. மூன்றாம் ஓட்டம் கிடையாது. அந்த நோட்டுகள் 27 என்னிடம் இருக்கின்றன.

மிக்சர் வந்த புதிதில் ஜனங்கள் கேட்டதெல்லாம் எஃபெக்ட்தான். இதயத்துக்குள் பெண் முகம், தாமரை விரிய மாப்பிள்ளை, பக்கம் புரள்வது போல ஒரு காட்சி மாற்றம். பின்னணியில் 'பாசமலர்' படத்தின் கல்யாணப் பாட்டு வராத கேசட் எங்கள் கடையில் இருந்து போனதே இல்லை. இன்றைக்கு இருக்கிற பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வராது. தன் வீட்டுப் பெண்ணை ஒருநாளாவது சினிமாக் கதாநாயகி மாதிரி பார்க்க வேண்டும் என்று பீடி சுற்றிச் சேர்த்த காசைக் கொண்டுவந்து கொடுத்த தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன்.

சினிமாவில் அப்போதே கம்ப்யூட்டர் வந்துவிட்டது. அமெரிக்காவில் அவிட் கம்பெனி 1989-ல் காட்டிய முறை, சென்னையில் ரியல் இமேஜ் நிறுவனத்தார் மூலமாக நம் ஊருக்கு வந்தது. அவிட்டில் வெட்டிய முதல் இந்தியப் படம் என்று 1994 பொங்கலுக்கு வந்த 'மகாநதி'யைச் சொல்வார்கள். எங்களுக்கு அதெல்லாம் பத்திரிகையில் படித்த சேதிதான்.

எங்கள் மாடிக்குக் கம்ப்யூட்டர் ஏறியது 2000-க்குப் பிறகு. மினிடிவி கேசட்டும் ஃபயர்வயர் கேபிளும் வந்ததும்தான் அது நடந்தது. 1995-ல் உருவான டிவி (DV) முறையில் படம் எண்களாகவே கேசட்டில் பதிகிறது. கேபிளில் இழுத்தால் எண் எண்ணாகவே கம்ப்யூட்டருக்குள் போகிறது. நகலுக்கும் மூலத்துக்கும் வித்தியாசமே கிடையாது. குங்குமம் நெற்றி நடுவில் நின்றது. முதல் கேப்சர் முடிந்து திரையில் பார்த்த அன்று அண்ணாச்சி கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "பத்து வருசமா இந்தப் பொட்டைத்தான் நடுவுல நிறுத்தப் பாத்தேன்" என்றார்.

ஆனால் ஒரு மணி நேரக் கேசட் 13 ஜிபி பிடிக்கும். எங்களிடம் இருந்தது 40 ஜிபி ஹார்ட் டிஸ்க். ஒரு கல்யாணம் ஏற்றினால் டிஸ்க் நிறைந்துவிடும். அது முடிந்து வெளியே போனால்தான் அடுத்தது. அழித்து அழித்து எழுதும் பழக்கம் அங்கேதான் தொடங்கியது. மினிடிவி கேசட்டையும் அப்படித்தான் செய்தோம். மிக்சிங் முடிந்ததும் அதே கேசட்டை அடுத்த முகூர்த்தத்துக்குக் கொடுத்துவிடுவோம். எல்லாக் கடையிலும் அப்படித்தான். கேசட்டுக்குக் காசு தனியாகக் கொடுங்கள், மூலத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று வாடிக்கையாளரிடம் சொல்லத் தோன்றவில்லை. இந்தத் தொழிலில் நாங்கள் செய்த பெரிய தப்பு அதுதான்.

மென்பொருளுக்கு வருகிறேன். முதலில் பிரிமியர். 1991-ல் மேக் கம்ப்யூட்டருக்காக அதை எழுதியவர் ராண்டி உபிலோஸ். பிறகு அவரே வேறு கம்பெனியில் எழுதத் தொடங்கிய ஒன்றை ஆப்பிள் வாங்கி, 1999-ல் ஃபைனல் கட் புரோ என்று வெளியிட்டது. ஒன்றுக்கொன்று போட்டி என்று உலகமே பேசும் இரண்டு மென்பொருளுக்கும் அடியில் ஒரே ஆளின் கை இருக்கிறது. எங்கள் மாதிரிக் கல்யாணக் கடைகளைப் பிடித்துக்கொண்டது மூன்றாவது ஒன்று, ஜப்பானில் கோபே நகரத்துக் கேனோபஸ் கம்பெனியின் எடியஸ். 2003-ல் வந்தது. பிற்பாடு கிராஸ் வேலி வசம் போனது. பிரிமியரில் ஒரு எஃபெக்ட் போட்டால் டைம்லைனுக்கு மேல் சிவப்புக் கோடு விழும். ரெண்டர் போட்டுவிட்டு டீ குடித்து வர வேண்டும், பெரிய வேலை என்றால் ராத்திரி போட்டுவிட்டுக் காலையில் வர வேண்டும். எடியஸில் வெவ்வேறு கேமராவில் எடுத்ததை ஒரே டைம்லைனில் கொட்டி அப்படியே ஓட்டிப் பார்க்கலாம். ஒரு முகூர்த்த நாளில் ஆறு கல்யாணம் பிடிக்கும் கடைக்கு அது வரப்பிரசாதம். இன்றும் தமிழ்நாட்டில் கல்யாண வேலை செய்யும் கடைகளில் எடியஸ் ஓடிக்கொண்டிருக்கிறது.

வெட்டுவது இப்படிச் சுலபமானதும் தொல்லை வேறிடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கடைசியில் படத்தை வெளியே எடுப்பதில், எக்ஸ்போர்ட்டில்.

அன்றைக்கு வீட்டில் விசிடி பிளேயர்தான் இருந்தது. விசிடி 1993-ல் வந்த முறை. 352-க்கு 288 புள்ளி, படத்துக்கு வினாடிக்கு 1.15 மெகாபிட், அதற்கு மேல் கிடையாது. கேமரா கொடுப்பது வினாடிக்கு 25 மெகாபிட். இருபத்திரண்டில் ஒரு பங்குதான் வீட்டுக்குப் போகும். இந்தச் சுருக்கம் எப்படி நடக்கிறது என்றால், சுமார் அரை வினாடிக்கு ஒரு முறைதான் முழுப்படம் எழுதப்படுகிறது. இடையில் வரும் ஃபிரேம்களில் முந்தியதற்கும் இப்போதைக்கும் என்ன மாறியது என்பதை மட்டும் எழுதும். அசையாத சுவரும் தூணும் சும்மா கிடைத்துவிடும். அசைவதற்குத்தான் செலவு.

இப்போது நம் முகூர்த்தத்தை நினைத்துப் பாருங்கள். ஐயர் நெய் விடுகிறார், ஹோமப் புகை எழும்புகிறது. கெட்டிமேளம் என்று குரல் வருகிறது. நூறு கை ஒரே சமயத்தில் அட்சதை எறிகிறது. நாலு போட்டோக்காரர் ஃபிளாஷ் அடிக்கிறார்கள். புகையில் ஒரு புள்ளி போன ஃபிரேமில் இருந்த இடத்தில் இல்லை. அரிசி மணி ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் போகிறது. ஃபிளாஷ் விழுந்த ஃபிரேம் முழுதும் வெள்ளை. அதாவது எல்லாமே மாறுகிறது. கேட்ட அளவு எண் கிடைக்காமல் படம் கட்டம் கட்டமாக உடைந்துபோகும். மூன்று மணி நேர வீடியோவில் எந்தப் பத்து வினாடியை வீட்டார் ஆயிரம் தடவை பார்ப்பார்களோ, அந்தப் பத்து வினாடியில்தான் உடையும். சத்தமும் அப்படித்தான். கேமராவின் ஆட்டோ லெவல் நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் குலவைக்கும் பயந்து தன்னைக் குறைத்துக்கொள்ளும். அந்த நேரத்து மந்திரம் அடியில் அமுங்கிவிடும். இந்த முறைகளை வகுத்தவர்கள் நம் கல்யாணத்தை ஒரு தரம் பார்த்திருந்தால் வேறு மாதிரி யோசித்திருப்பார்கள் என்று எனக்குப் பலமுறை தோன்றியிருக்கிறது.

டிவிடி வந்ததும் மூச்சு விட முடிந்தது. 720-க்கு 576 புள்ளி, வினாடிக்கு 9.8 மெகாபிட் வரை போகலாம். ஆனால் தட்டு 4.7 ஜிபிதான். மூன்று மணி நேரத்தை அதில் அடக்கினால் சராசரி மூன்றரை மெகாபிட்டுக்குள் வந்துவிடும். நான் ஒரு வழி வைத்திருந்தேன். மொத்தமாக எக்ஸ்போர்ட் செய்யமாட்டேன். தாலி கட்டும் நாலு நிமிடத்தைத் தனியாக வெட்டி எடுத்து வினாடிக்கு 8 மெகாபிட்டில் செய்வேன். சடங்குகளுக்கு 3, நாலு வரை. அந்தச் செலவை ஈடுகட்ட மேடை வரிசையில் கை வைப்பேன். முகூர்த்தம் முடிந்ததும் உறவும் நட்பும் வரிசையாக மேடை ஏறி, பரிசு கொடுத்து, போட்டோவுக்கு நின்று இறங்குவார்களே, அதில். கேமரா ஸ்டாண்டில் அசையாமல் நிற்கும், பின்னால் ஒரே அலங்காரம். 2 மெகாபிட் போதும். ஆளுக்கு மூன்று நாலு வினாடி. அதையெல்லாம் யார் உட்கார்ந்து பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

என் முகூர்த்தம் உடையவில்லை. புகை புகையாகவே இருந்தது, அட்சதை மணி மணியாக விழுந்தது. தூத்துக்குடி, தென்காசியிலிருந்தெல்லாம் தேடி வந்து மிக்சிங்குக்குக் கொடுத்தார்கள். எனக்கு அதில் பெருமை இருந்தது.

அடிபட்டதையும் சொல்ல வேண்டும். 2006-ல் ஒரு பெரிய இடத்துக் கல்யாணம். ஒரு கேமரா பழைய டிவி (DV) முறை, இன்னொன்று புதிய எச்டிவி (HDV). நம் பழைய டிவிப்பெட்டியில் ஒரு ஃபிரேம் இரண்டு பாதியாக வரும், ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு பாதி, இரட்டைப்படைக் கோடுகள் ஒரு பாதி. ஒவ்வொன்றும் ஐம்பதில் ஒரு வினாடி. டிவி (DV) முறையில் இரட்டைப்படைப் பாதி முதலில் வரும், எச்டிவியில் ஒற்றைப்படைப் பாதி முதலில். எக்ஸ்போர்ட் செய்யும் இடத்தில் அதைச் சொல்லும் ஒரு சின்னக் கட்டம் உண்டு. நான் மாற்றி வைத்துவிட்டேன். கம்ப்யூட்டர் திரை இரண்டு பாதியையும் சேர்த்தே காட்டுவதால் தப்பு கண்ணுக்குத் தெரியவில்லை. 40 டிவிடி போட்டுக் கொடுத்த மறுநாள் போன் வந்தது. "என்னம்மா, மாப்பிள்ள நடுங்குதாரு?" ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று நடக்க வேண்டியது இரண்டு, ஒன்று, நான்கு, மூன்று என்று நடந்திருக்கிறது. மாலை மாற்றும்போது கை முன்னே போய்ப் பின்னே வந்து முன்னே போனது. நாற்பதையும் திருப்பி வாங்கி வேறு போட்டுக் கொடுத்தோம். அன்றிலிருந்து கடையில் ஒரு பழைய டியூப் டிவி வைத்து, அதில் ஓட்டிப் பார்க்காமல் எந்த டிவிடியையும் வெளியே அனுப்பியதில்லை.

அதற்கப்புறம் வந்தது வேகமான காலம். கேனன் 5டி மார்க் 2 கேமரா 2008 கடைசியில் வந்தது. போட்டோ கேமராவிலேயே சினிமா மாதிரி பின்புலம் மங்கிய படம். மூன்று மணி நேர டிவிடி நாலு நிமிட ஹைலைட்ஸ் ஆனது. 'மிக்சிங்' என்ற சொல்லே பிள்ளைகளுக்குக் கூச்சமாகிவிட்டது. லட்சக்கணக்கில் டாலர் விலையில் பெரிய லேப்களில் மட்டும் இருந்த டாவின்சி நிறத்திருத்தக் கருவியை 2009-ல் பிளாக்மேஜிக் கம்பெனி வாங்கி, 2011-ல் அதன் மென்பொருளை இலவசமாகவே கொடுக்கத் தொடங்கியது. ஏழை வீட்டுக் கல்யாணத்துக்கும் கோடம்பாக்கத்துக்கும் ஒரே கருவி. இது பெரிய நன்மை, சந்தேகமே இல்லை.

ஆனால் ஒரே படம் ஒவ்வொரு மென்பொருளிலிருந்தும் ஒவ்வொரு முகத்தோடு வெளியே வரும் தொல்லை இன்னும் போகவில்லை. டிவிக்காரர்கள் கருப்பை 16 என்றும் வெள்ளையை 235 என்றும் எண்ணுவார்கள். கம்ப்யூட்டர் 0 என்றும் 255 என்றும் எண்ணும். எந்தக் கணக்கு என்று கோப்பில் எழுதாமல் விட்டால் பட்டுப்புடவையின் கருஞ்சிவப்பு சாம்பல் பூத்துத் தெரியும், இல்லாவிட்டால் கருங்கூந்தல் ஒரே மை ஆகிவிடும். மேக் கம்ப்யூட்டரில் டாவின்சியிலிருந்து எடுத்ததைக் குயிக்டைமில் திறந்தால் வெளுப்பாகவும் விஎல்சியில் திறந்தால் அழுத்தமாகவும் தெரியும். கோப்பு ஒன்றுதான், படிக்கும் விதம் வேறு. எங்கள் கடைத் தம்பி நிறத்தைத் திருத்தித் திருத்தி ஒரு வாரம் போக்கினான். நிறத்தில் குறை இல்லை, வெளியே எழுதும்போது போட்ட ஒரு சீட்டுதான் தப்பு என்று உட்கார்ந்து காட்டிக் கொடுத்தேன். டியூப் டிவிக்குப் பதில் இப்போது வாடிக்கையாளர் வீட்டில் என்ன டிவி, என்ன போன் என்று கேட்டு வைத்துக்கொள்கிறோம்.

போன மாசி மாதம் ஒரு பெண் வந்தாள். கையில் ஒரு டிவிடி. உறையின் மேல் எங்கள் கடைப் பெயர், 2006.

"எக்கா, நீங்கதான் மிக்சிங் பண்ணுனிய. இதுல எங்க அப்பா இருக்காவ. பெருசாக்கி ஒரு போட்டோ எடுத்துத் தரணும்."

அப்பா போய் ஒரு வருஷம் ஆகிறதாம். போட்டோவுக்கு நிற்கவே மாட்டாராம். வயலும் வீடுமாக இருந்தவர். ஆதார் அட்டையில் இருப்பது ஒன்றுதான் அவர் படம். முகூர்த்தத்தின்போது எங்கே இருந்தார் என்று கேட்டேன்.

"பந்தியில நின்னாவ. தாலி கட்டும்போது மேடையிலயே இல்ல. கடேசில வரிசையில வந்து நின்னாவ, அத மட்டும் பாருங்க."

பார்த்தேன். நாலு வினாடி. நூறு ஃபிரேம். தோளில் துண்டு, நெற்றியில் திருநீறு, முன்பல் ஒன்று இல்லாத சிரிப்பு. சிரிக்கத் தொடங்கும் இடத்தில் போட்டோக்காரரின் ஃபிளாஷ் விழுகிறது. ஃபிளாஷ் விழுந்ததும் 2 மெகாபிட்டால் தாங்க முடியாமல் முகம் சதுரம் சதுரமாக உடைகிறது. அடுத்த முழுப்படம் வருவதற்குள் அவர் திரும்பி இறங்கத் தொடங்கிவிடுகிறார். ஸ்டாண்டில் நின்ற கேமரா, அசையாத பின்னணி, 2 போதும் என்று கணக்குப் போட்டவள் நான். ஃபிளாஷை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. நாலு வினாடி போதும் என்று வெட்டியவளும் நான்தான்.

மூலக் கேசட் இருக்கிறதா என்று பேரேட்டைப் புரட்டினேன். 14-ஆம் எண் கேசட். அடுத்த முகூர்த்த நாளில் வேறொரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறது. சிடியில் பிரிமியர் புராஜெக்ட் கோப்பு மட்டும் கிடைத்தது, திறந்தும் கொண்டது. நான் அன்றைக்குப் போட்ட வெட்டெல்லாம் இடம் மாறாமல் இருந்தது. ஒவ்வொன்றின் மேலும் படம் இருக்க வேண்டிய இடத்தில் 'மீடியா ஆஃப்லைன்' என்ற பலகை. அவர் மேடையில் எவ்வளவு நேரம் நின்றார், அதில் எவ்வளவை நான் விட்டேன் என்பதும் அதில் தெரிந்தது. 19 வினாடி நின்றிருக்கிறார்.

கடைத் தம்பி செயற்கை நுண்ணறிவு மென்பொருளில் போட்டுப் பார்த்தான். பளிச்சென்று ஒரு முகம் வந்தது. தோல் வழுவழுப்பாக, வாயில் பல் வரிசை முழுசாக. அவள் திரையைப் பார்த்துவிட்டு, "இது அப்பா இல்லக்கா" என்றாள்.

பிறகு நூறு ஃபிரேமையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, முழுப்படமாக எழுதப்பட்ட ஒரு ஃபிரேமை, ஃபிளாஷுக்கு முந்தியதை, எதுவும் செய்யாமல் அப்படியே எடுத்துத் தபால் அட்டை அளவில் அச்சுப் போட்டுக் கொடுத்தேன். அதற்கு மேல் பெரிதாக்கினால் உடையும். அவள் அதைச் சேலை முந்தானையில் சுற்றி எடுத்துப் போனாள்.

அவள் ஒருத்தி இல்லை. பழைய டிவிடியோடும் கேசட்டோடும் வருகிறவர்கள் கேட்பது மேடை வரிசையை, பந்தியை, வாசலில் சந்தனம் கொடுத்தவர்களை. தாலி கட்டுவதைக் கேட்டு வந்தவர்கள் என் நினைவில் இரண்டு பேர். முகூர்த்தத்துக்கு 8 கொடுத்து மேடைக்கு 2 கொடுத்தது அன்றைய கணக்குப்படி சரி, தொழில்படி சரி. ஆனாலும் தப்பு. இன்றைய நாலு நிமிட ஹைலைட்ஸில் அந்த 2-ம் கிடையாது, வரிசையே இல்லை.

ஆகையால் வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வீடியோவுக்கு அட்வான்ஸ் கொடுக்கும்போதே ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கிக் கொடுங்கள். கேமராவில் எடுத்ததை, வெட்டாமல் சுருக்காமல், அப்படியே அதில் போட்டுத் தரச் சொல்லுங்கள். மேடை வரிசையை முழுதாக எடுக்கச் சொல்லுங்கள், ஆளுக்கு எவ்வளவு நேரமானாலும் சரி. யூடியூப் லிங்க்கும் வாட்ஸ்அப்பில் வரும் வீடியோவும் பார்ப்பதற்கு, வைத்துக்கொள்வதற்கு அல்ல. கடைக்காரர்கள் சில மாதத்தில் அழித்துவிடுவார்கள், இடம் இல்லை, வேறு வழியும் இல்லை.

பீரோவில் பழைய விஎச்எஸ் கேசட் இருந்தால், பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று மூடியைத் தூக்கிப் பாருங்கள். வெள்ளையாகப் படிந்திருந்தால் எந்த டெக்கிலும் போட்டுவிடாதீர்கள், டேப் அறுந்துவிடும். உலகத்தில் கடைசியாக டெக் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனி 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. எங்கள் கடையில் இரண்டு ஓடுகிறது, மூன்றாவதைப் பிரித்து அதன் உதிரியில்தான் இந்த இரண்டையும் ஓட்டுகிறேன்.